85 சதவீத பணவீக்கத்திலும் எர்டோகன் ஜெயித்தது எப்படி?

கேள்வி: துருக்கியில் பணவீக்கம் 85 சதவீதம் வரை போனது. ஆனாலும் 2023 அதிபர் தேர்தலில் எர்டோகனே ஜெயித்தார். விலைவாசி ஆட்சியைக் கவிழ்க்கும் என்பதெல்லாம் சும்மாவா? அடுத்த தேர்தல் செய்திகளில் எதைக் கவனிப்பது?

பதில்: சும்மா இல்லை. ஆனால் விலை ஏறும்போது யாருக்கு ஈடு கிடைத்தது, யார் கைவிடப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

85 சதவீதம் என்பது 2022 அக்டோபரில் அரசே சொன்ன கணக்கு. விலையை அடக்க வட்டியை உயர்த்துவதுதான் வழக்கம்; வட்டி உயர்ந்தால்தான் விலை உயரும் என்பது எர்டோகனின் தலைகீழ்ப் பொருளாதாரம். ஒத்துவராத மத்திய வங்கித் தலைவர்களை வரிசையாக மாற்றினார். 2021இல் 19 சதவீதமாக இருந்த வட்டி 2023 பிப்ரவரியில் 8.5க்கு வந்தது. துருக்கியின் நாணயமான லிரா சரிந்தது, சரி. ஆனால் கடன் மலிவானது, வேலை இருந்தது. 2022 ஜனவரியில் 4,253 லிராவாக இருந்த குறைந்தபட்ச ஊதியம் அடுத்த ஜனவரியில் 8,506 ஆனது. தேர்தல் நெருங்கியதும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஓய்வூதிய வயது வரம்பு நீக்கப்பட்டது. வீட்டு எரிவாயு ஒரு மாதம் இலவசம்.

எதிர்த்து நின்ற கிளிச்தாரோலு தன் சமையலறையில் வெங்காயத்தைக் கையில் பிடித்தபடி, எர்டோகன் நீடித்தால் இது கிலோ 100 லிரா ஆகும் என்று வீடியோ போட்டார். வெங்காய விலை ஜனங்களுக்குத் தெரியாதா என்ன? எரிவாயுவுக்குக் காசு கட்ட வேண்டாம் என்பதும் தெரிந்திருந்தது. பெரும்பாலான டிவிக்களும் அரசின் பக்கம். இரண்டாம் சுற்றில் எர்டோகனுக்கு 52 சதவீதம்.

ஜெயித்த கையோடு மெஹ்மெத் ஷிம்ஷெக்கை நிதியமைச்சராக்கினார். வட்டி 2024 மார்ச்சுக்குள் 50 சதவீதம் ஆனது. குறைந்தபட்ச ஊதியம் 17,002 லிரா. குறைந்தபட்ச ஓய்வூதியமோ வெறும் 10,000. அந்த மார்ச்சில் பணவீக்கம் 68 சதவீதம், அதாவது உச்சத்தைவிடக் குறைவு. அப்படியும் அந்த மாதக் கடைசியில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் ஆளுங்கட்சி இரண்டாமிடத்துக்குப் போனது; எதிர்க்கட்சியான குடியரசு மக்கள் கட்சி 1977க்குப் பிறகு முதன்முறையாக முதலிடம். ஓய்வூதியர்களின் கோபத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

ஆக, வருடக் கடைசியில் வரும் ஊதிய அறிவிப்பையும் அதன் பக்கத்தில் ஓய்வூதியத்தையும் வைத்துப் பாருங்கள். தேர்தலுக்கு முன் வட்டி எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். அப்புறம், வேட்பாளர் களத்தில் இருக்கிறாரா என்பது. 2025 மார்ச்சில், எர்டோகனுக்கு எதிராக நிற்க இருந்த இஸ்தான்புல் மேயர் இமாமோலுவின் பல்கலைக்கழகப் பட்டம் ரத்தானது, மறுநாளே அவரைப் பிடித்துப் போனார்கள். துருக்கியில் அதிபர் தேர்தலில் நிற்கப் பட்டம் கட்டாயம்.