திரும்பி வந்த செவலை – கடிதம்

அன்புள்ள சார்,

நான் வேளச்சேரியில் இருக்கிறேன். எட்டு மாதமாக சனி, ஞாயிறுகளில் ஒரு நாய்க் காப்பகத்துக்குப் போய் உதவுகிறேன். கூண்டு கழுவுவேன், நாய்களை நடக்கக் கூட்டிப்போவேன், படம் எடுத்துத் தத்துப் பதிவு போடுவேன். இதுவரை ஆறு நாய்களுக்கு வீடு கிடைத்திருக்கிறது. போன மாதம் செவலை என்ற மூன்று வயதுப் பெண் நாயை மடிப்பாக்கத்தில் ஒரு குடும்பம் எடுத்துக்கொண்டது. பதினோராவது நாள் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். ஹவுஸ் ஓனர் ஒத்துக்கொள்ளவில்லையாம், சாப்பிடவில்லையாம், வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போகிறதாம். ஆத்திரத்தில் அவர்கள் படத்தைப் போட்டு எழுதிவிட்டேன். நிறைய பேர் பகிர்ந்தார்கள்.

தத்துப் பதிவை எப்படி எழுதினால் மனம் இளகுவார்கள்? குட்டிகளுக்கு முன்னுரிமை கொடுப்பதா, பெரிய நாய்களுக்கா? குழந்தைகள் பசியோடு இருக்கும் ஊரில் நாய்க்கு என்ன இவ்வளவு என்று அம்மா கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

எம்.

அன்புள்ள எம்.,

அம்மாவிடம் வாதாட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் காப்பகத்துக்குக் கூட்டிப்போய் சோறு பிசையச் சொல்லுங்கள். பிறகு அந்தக் கேள்வி வராது.

குட்டிகளுக்கு ஆள் கிடைத்துவிடும், அதாவது ஆண் குட்டிகளுக்கு. பெண் குட்டி என்றால் நம் ஊரில் இன்றும் முகம் சுளிக்கிறார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை ஈனும், யார் பார்ப்பது என்பார்கள். கருத்தடை செய்த பெண் நாய்க்கு அந்தக் கவலையே இல்லை என்பதை அலுக்காமல் சொல்லிக்கொண்டே இருங்கள். மற்றபடி உங்கள் நேரமெல்லாம் பெரிய நாய்களுக்குப் போகட்டும். குட்டி எப்படி வளரும் என்று யாருக்கும் தெரியாது. மூன்று வயது நாயின் குணம் உங்களுக்குத் தெரியும். குழந்தைகளோடு எப்படி, பூனையைக் கண்டால் என்ன செய்யும், இடிச் சத்தத்துக்கு எங்கே போய் ஒளியும் என்று வருகிறவரிடம் சொல்ல முடியும்.

சரி, நான் பதில் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. அந்தக் குடும்பத்தின் படத்தைப் போட்டீர்கள் அல்லவா, அதற்காக. முதலில் அதை எடுத்துவிடுங்கள். எட்டு மாதம் நீங்கள் கூண்டு கழுவியதை மதிக்கிறேன். ஆனால் இந்த ஒரு காரியத்தால் உங்களுக்குத் தெரியாத எத்தனை நாய்களுக்குக் கெடுதல் செய்துவிட்டீர்கள் என்று உங்களுக்குப் புரியவில்லை.

1986இல் எனக்குப் பத்து வயது. திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம். மணி என்று ஒரு நாய் இருந்தது. வெள்ளை, ஒரு காது மட்டும் கருப்பு. அந்த வீட்டை இடிக்கப் போகிறோம் என்று காலி பண்ணச் சொன்னார்கள். நங்கநல்லூரில் கிடைத்த வீட்டில் நாய் கூடாது என்றார்கள். ஒரு நாள் விடியற்காலையில் அப்பா மணியை சைக்கிள் கேரியரில் கோணிப்பை விரித்து உட்காரவைத்துக் கூட்டிப்போனார். பூந்தமல்லியில் ஆபீஸ் சிநேகிதர் ஒருவருக்குத் தோட்டம் இருக்கிறது, அங்கே நன்றாக இருக்கும் என்று எங்களிடம் சொன்னார். நானும் தங்கையும் ரொம்ப நாள் அந்தத் தோட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

இருபது வருஷம் கழித்து, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, நான் கேட்காமலேயே அப்பா சொன்னார். தோட்டம் எதுவும் கிடையாது. அடையாற்றங்கரையில், கோட்டூர்புரம் பக்கம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். மறுநாள் சாயங்காலம் பன் வாங்கிக்கொண்டு போய்க் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். மணி இல்லை.

பிராணிகளைக் காக்கும் ப்ளூ கிராஸ் அப்போதே இந்த ஊரில் இருந்ததே, அங்கே கொண்டுபோய்க் கேட்டிருக்கலாமே என்றேன். அவருக்கு அந்த இடம் தெரிந்துதான் இருந்தது. "போனா கேப்பாங்கடா. படிச்சவன், உத்தியோகத்துல இருக்கிறவன், ஒரு நாய வெச்சுக்க முடியலையான்னு கேப்பாங்க" என்றார்.

எம்., யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்பார்கள் என்ற பயமே போதுமானதாக இருந்தது. அந்தக் காலத்தில் தெருவில் பிடிபட்ட நாய் திரும்பி வராது. 1996இல்தான் சென்னை மாநகராட்சி நாய்களைக் கொல்வதை விட்டுவிட்டுக் கருத்தடைக்கு மாறியது. அப்பா பேப்பர் படிக்கிறவர், இது தெரியாதவர் இல்லை. தெரிந்தும் விட்டுவிட்டு வந்தார்.

இப்போது நிலைமை மாறிவிட்டது என்பீர்கள். தெருநாய்க்கு ஓரளவு மாறியிருக்கிறது. கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, பிடித்த தெருவிலேயே திரும்ப விட வேண்டும் என்கின்றன மத்திய அரசின் 2023 கருத்தடை விதிகள். ஆனால் வீட்டு நாய்க்கு அப்படி ஒரு தெரு கிடையாது. அதைக் கொண்டுபோய் எந்தத் தெருவில் விட்டாலும் அங்கே ஏற்கனவே ஒரு கூட்டம் இருக்கும். கடித்துத் துரத்தும். கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்து வாதாடியதன் தொடர்ச்சியாக வந்தது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம். வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது அதன்படி குற்றம்தான். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அதற்கு யார் பயப்படப் போகிறார்கள்? உங்கள் பதிவுக்குத்தான் பயப்படுவார்கள். அதனால்தான் சொல்கிறேன். நாளைக்கு ஒருவரால் நாயை வைத்துக்கொள்ள முடியாமல் போனால், உங்கள் காப்பகத்துக்குப் போனால் படத்தைப் போட்டு நாறடித்துவிடுவார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். ராத்திரி ஈ.சி.ஆர். பக்கம் ஓட்டிப்போய்க் கதவைத் திறந்துவிட்டு வந்துவிடுவார். மடிப்பாக்கத்துக் குடும்பம் அப்படிச் செய்யவில்லை. பதினோரு நாள் வைத்திருந்துவிட்டு, கழுத்துப்பட்டையோடு உங்கள் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார்கள். என் அப்பாவால் முடியாததைச் செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள் நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

கோபம் வந்தால் கொஞ்சம் உங்கள் மேலும் வரட்டும். ஹவுஸ் ஓனரிடம் பேசினீர்களா என்று நாயைக் கொடுப்பதற்கு முன் கேட்டீர்களா? குடியிருப்போர் சங்கம் நாய் வளர்க்கத் தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015இலேயே சொல்லிவிட்டது. அதைக் காட்டிச் சங்கத்தோடு சண்டை போடலாம். ஆனால் ஹவுஸ் ஓனர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்றால் என்ன செய்வது? நம் ஊரில் வாடகை ஒப்பந்தம் 11 மாதம். நாய் பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் வாழும். இதை வருகிறவரோடு உட்கார்ந்து பேசுங்கள். வீடு மாறினால் என்ன செய்வீர்கள், கல்யாணம், பிரசவம், வெளிநாட்டு வேலை வந்தால் நாய் யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். ஹவுஸ் ஓனரின் நம்பர் வாங்கி நீங்களே ஒரு தடவை பேசுங்கள். கடைசியாக, முடியவில்லை என்றால் எங்களிடமே கொண்டுவாருங்கள், ஒரு வார்த்தை கேட்க மாட்டோம் என்று சொல்லி, அதை எழுதியும் கொடுங்கள்.

சாப்பிடாதது, சிறுநீர் போனதெல்லாம் செவலையின் குற்றம் இல்லை. பதினோரு நாளில் எந்த நாயும் ஒரு வீட்டை நம்பாது. மூன்று மாதமாவது ஆகும். காப்பகத்தில் சிமெண்ட் தரையில்தான் எல்லாம் நடந்தது, அதனால் வீட்டுத் தரையும் அதற்கு அப்படித்தான். வழவழப்பான டைல்ஸில் கால் வழுக்கும், பயத்தில் மூலையை விட்டு அசையாது. நாலு கோணிப்பையைப் படுக்கும் இடத்திலிருந்து வாசல் வரை விரித்து, சாப்பிட்டதும் தூங்கி எழுந்ததும் வெளியே கூட்டிப்போனால் சரியாகிவிடும். இதை அந்த வீட்டில் யாராவது சொல்லிக்கொடுத்தீர்களா? இரண்டாம் நாள் ஒரு போன் செய்தீர்களா?

பதிவை எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். அழவைக்க எழுதாதீர்கள். அழுதுகொண்டு வருகிறவர் ஹவுஸ் ஓனரை மறந்துவிட்டுத்தான் வருவார். செவலைக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படும், எவ்வளவு நேரம் தனியாக இருக்கும், இதை எழுதினால் போதும்.

என் அக்கா மகன் பம்மலில் இருக்கிறான். சொந்த வீடு, தரைத்தளம், சிவப்புத் தரை. ஒரு வருஷமாக நாய் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். வரும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து செவலையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். எனக்குச் சொந்தம் என்பதற்காக எந்தக் கேள்வியையும் விட்டுவிடாதீர்கள். அவன் மனைவிக்குச் சம்மதமா என்று அவனிடம் கேட்க வேண்டாம், அவளிடமே கேளுங்கள். அன்றைக்கே கொடுத்துவிடவும் வேண்டாம், இரண்டு மூன்று வாரம் வந்து நடக்கக் கூட்டிப்போகட்டும். மடிப்பாக்கத்துக்காரர்களுக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள். செவலை என்ன சாப்பிட்டது, ராத்திரி எங்கே படுத்தது என்று இப்போதைக்கு அவர்களுக்குத்தான் தெரியும்.