வண்டி வாசல்: 3500 கிலோ இழுக்கும் பக்கிக்கு 2500 கிலோ கேரவன் கனமா?

கேள்வி: அண்ணா, என்னிடம் டபுள் கேப் டீசல் பக்கி (பிக்அப் வண்டி) இருக்கிறது. பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 3500 கிலோ வரை இழுக்கும் என்று கையேட்டில் போட்டிருக்கிறார்கள். வண்டியின் டேர் (வெறும் வண்டி எடை) 2150, ஜி.வி.எம். (ஆள், சாமானோடு தாண்டக் கூடாத எடை) 3200, ஜி.சி.எம். (டிரெய்லரும் சேர்ந்து தாண்டக் கூடாத எடை) 6000. இப்போது இரண்டு அச்சு உள்ள பழைய கேரவன் (பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி) ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. அதன் லைசென்ஸ் டிஸ்க்கில் டேர் 1950, ஜி.வி.எம். 2500, ஓவர்ரன் பிரேக். ஜூலை விடுமுறைக்கு மனைவி, மூன்று பிள்ளைகளோடு கோல்டன் கேட் தேசியப் பூங்காவுக்குப் போக ஆசை. கணக்குப்படி இன்னும் 1000 கிலோ மிச்சம் இருக்கிறதே, தைரியமாக வாங்கலாமா? என் லைசென்ஸ் கோடு பி.
வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: வாங்காதீர்கள் தம்பி. விலை நல்ல விலையாகவே இருக்கட்டும், இந்த கேரவன் உங்கள் பக்கிக்கு வேண்டாம்.

முதலில் ஒரு நன்றி. எண்களை எல்லாம் பார்த்து எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் பாதி, 'வெள்ளை பக்கி, நல்ல கண்டிஷன்' என்பதோடு முடிந்துவிடும். நிறத்தை வைத்து நான் என்ன கணக்குப் போடுவது?

உங்கள் இன்ஜின் 2500 கிலோவை இழுத்துவிடும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஓவர்ரன் பிரேக் என்பது பக்கி வேகம் குறைக்கும்போது பின்னால் வரும் கேரவன் முன்னோக்கித் தள்ளுகிறதே, அந்தத் தள்ளலால் வேலை செய்யும் பிரேக். நம் தென்னாப்பிரிக்கச் சாலை விதிப்படி, 750 கிலோவுக்கு மேல் 3500 கிலோ வரை ஜி.வி.எம். உள்ள டிரெய்லருக்கு அந்த பிரேக் போதும். ஆனால் டிரெய்லரின் ஜி.வி.எம். இழுக்கும் வண்டியின் டேரைத் தாண்டக் கூடாது. உங்கள் பக்கியின் டேர் 2150, கேரவனின் ஜி.வி.எம். 2500. தாண்டிவிட்டது. இப்படித் தாண்டினால், நீங்கள் கால் பிரேக்கை மிதிக்கும்போது கேரவன் சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கிற முழு பிரேக் அமைப்பு வேண்டும். 'பாதி காலியாகத்தானே கொண்டு போகிறேன்' என்று போலீஸ்காரரிடம் சொல்லிப் பயனில்லை. பார்ப்பது டிஸ்க்கில் உள்ள ஜி.வி.எம்.

இரண்டாவது தடை உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. கோடு பி வைத்துக்கொண்டு 750 கிலோ ஜி.வி.எம். வரைதான் இழுக்கலாம். அதற்கு மேல் கோடு இ.பி. லைசென்ஸ் வேண்டும், டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஓட்டிக் காட்டித்தான் அதை வாங்க வேண்டும். எந்த கேரவன் வாங்கினாலும் இந்த வேலையை முதலில் முடியுங்கள். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் கேட்கப்போகும் முதல் காகிதங்களில் இதுவும் ஒன்று.

சரி, அந்த 3500-க்கு வருவோம். விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிற எண் அது. பக்கியும் டிரெய்லரும் உள்ளே இருக்கும் ஆட்களும் சாமானும் எல்லாம் சேர்ந்து தாண்டக் கூடாத எடைதான் ஜி.சி.எம். உங்களுக்கு அது 6000. உண்மையிலேயே 3500 கிலோவை மாட்டினால் பக்கிக்கு மிஞ்சுவது 2500. பக்கியின் டேரே 2150. 350 கிலோவுக்குள் டீசல், நீங்கள் ஐந்து பேர், சாமான் எல்லாம் அடங்க வேண்டும். ஆட்களோடு அது தீர்ந்துவிடும்.

2500 கிலோ கேரவனுக்கு ஜி.சி.எம். இடிக்கவில்லை. அங்கே இடிப்பது பக்கியின் சொந்த ஜி.வி.எம். 3200-இல் 2150 போனால் 1050. பெரிய எண்ணாகத் தெரிகிறது இல்லையா? நம் ஊர்க் கணக்கில் டேரில் எரிபொருள் சேராது. 80 லிட்டர் டீசல் ஏறக்குறைய 67 கிலோ. குடும்பம் 350 என்று வைத்துக்கொள்வோம். பின்னால் கனோப்பி (பின்பெட்டிக்கு மேல் கூடு), டோ பார் (டிரெய்லர் மாட்டும் கம்பி) மாட்டியிருந்தால் 120 போகும். கேரவனின் மூக்கு, டோ பாரில் உள்ள உருண்டையான டோ பால் மேல் அழுத்துகிற எடை 220 அளவில் இருக்கும், அதுவும் பக்கி சுமக்கிற எடைதான். இதை மறக்காத ஆளை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். இதுவரை 757. மிச்சம் 293. ஃபிரிட்ஜ், இரண்டாவது பேட்டரி, தண்ணீர் கேன்கள், விறகு, கேஸ் சிலிண்டர், சைக்கிள்கள். உங்கள் அம்மா கட்டிக்கொடுத்து அனுப்பினால் இரும்பு தோசைக்கல்லும் வரும், ஊறுகாய் பாட்டில்களும் வரும்.

அந்த 220 கிலோ பின் சக்கரத்துக்கும் பின்னால் தொங்குவதால் பின் அச்சில் ஏறும் பாரம் 220-ஐவிட அதிகம். வண்டியின் நீளத்தைப் பொறுத்து 300 வரை போகும், 220-க்கு மேல் ஏறுகிற அந்த அளவுக்கு முன் அச்சு லேசாகும். ஸ்டியரிங்கும் முன் பிரேக்கும் பிடிப்பை இழப்பது இப்படித்தான். அதற்குப் பயந்து மூக்கை லேசாக்கவும் கூடாது. கனமான சாமானை கேரவனின் பின்பக்கம் தள்ளினால் அது வால் ஆட்ட ஆரம்பிக்கும். பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்து போனாலே போதும். இந்த அளவு கேரவனுக்கு மொத்த எடையில் 10 சதவீதத்தை ஒட்டி மூக்கில் இருந்தால் நல்லது, ஆனால் டோ பாரில் அடித்திருக்கும் வரம்புக்குள். ஆட்டம் வந்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரை மெதுவாக விடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், திடீர் பிரேக் போடாதீர்கள்.

நான் நார்த் கோஸ்ட் சர்க்கரை ஆலையில் கரும்பு லாரிகளை எடை போட்டு வளர்ந்தவன். காகிதத்தில் எழுதிய எடையை நம்புவது என் சுபாவத்திலேயே இல்லை. எந்த கேரவன் வாங்கினாலும், பயணத்துக்கு ஏற்றுகிற எல்லாவற்றையும் ஏற்றி, குடும்பத்தையும் உட்கார வைத்து எடைமேடைக்குப் போங்கள். பழைய இரும்புக் கடைகளில் கேட்டால் சிறிய கட்டணத்துக்குப் போட்டுத் தருவார்கள். முதலில் பக்கி தனியாக. பிறகு கேரவனை மாட்டி, பக்கியின் சக்கரங்கள் மட்டும் மேடையில். அப்புறம் கேரவனும் சேர்ந்து. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மூக்கு எடை. மூன்றாவது ஜி.சி.எம்.முக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டு, மனைவியிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கோல்டன் கேட் போக என்3 நெடுஞ்சாலையில் ஏறினால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டியதும் டவுன் ஹில் என்ற மலையேற்றம், அப்புறம் வான் ரீனன் கணவாய். ஏறுவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். என் கவலை திரும்பி வரும் வழி. ஹில்டனிலிருந்து டவுன் ஹில் இறங்கும்போது முன்னால் லாரி வரிசை, பின்னால் உங்கள் கேரவன். உச்சியிலேயே கீழ் கியருக்கு வந்துவிட வேண்டும், வழியில் யோசிக்க நேரம் இருக்காது. ஓவர்ரன் பிரேக் நீண்ட இறக்கத்தில் விடாமல் உரசிச் சூடாகும். ஜூலையில் வான் ரீனனில் பனி விழுந்து சாலையை அடைப்பதும் உண்டு, புறப்படும் முன் வானிலையைப் பாருங்கள்.

ஜி.வி.எம். 2000-க்குள் உள்ள கேரவனாகத் தேடுங்கள். ஓவர்ரன் பிரேக்கே போதும், மூக்கு எடையும் குறையும், அம்மாவின் தோசைக்கல்லுக்கு இடமும் கிடைக்கும்.

கேள்வி: 750 கிலோ வரை டிரெய்லருக்கு பிரேக் தேவையில்லை என்கிறார்கள். என் சின்ன காரின் டேர் 1050. ஜி.வி.எம். 550 உள்ள பிரேக் இல்லாத டிரெய்லரை மாட்டலாமா அண்ணா?
வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: முடியாது அம்மா, 25 கிலோவில் தவறுகிறது. 750 என்பதோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு. பிரேக் இல்லாத டிரெய்லரின் ஜி.வி.எம். காரின் டேரில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்கள் பாதி 525. கார் கம்பெனி கையேட்டில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் உங்கள் எல்லை.

கேள்வி: என் பக்கி டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி. டர்பனில் மாமா வீட்டில் இருந்தபோது டிரெய்லரை நன்றாக இழுத்தது. இங்கே அதே டிரெய்லருக்கு மூச்சு வாங்குகிறது. இன்ஜின் போய்விட்டதா அங்கிள்?
வாசகர், லெனேசியா

பதில்: போகவில்லை, காற்றுதான் போதவில்லை. டர்பன் கடல் மட்டம், நீங்கள் இருப்பது 1600 மீட்டர் உயரம். டர்போ இல்லாத இன்ஜின் 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். கடற்கரையில் 120 கிலோவாட் தருவது உங்கள் வீட்டு வாசலில் 100 அளவில்தான் தரும். டர்போ வண்டிகள் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் அவற்றுக்கு இந்த இழப்பு குறைவு. ஏர் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள், ஏற்றத்தில் சீக்கிரமே கியரை இறக்குங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் கம்ப்ரஷன் சோதித்துவிட்டு மறுபடி எழுதுங்கள், நான்கு சிலிண்டரின் எண்களையும் சேர்த்து.