மெக்கானிக் பதில்கள்

கேள்வி: அண்ணே, பழைய வில்லிஸ் ஜீப்பை ஹாட் ராடாக, அதாவது வேகத்துக்கும் பகட்டுக்கும் உருமாற்றிய வண்டியாகக் கட்டுகிறேன். ஊட்டி கார் கண்காட்சிக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. பெயின்ட் வெளுக்கிறது, இன்ஜின் கறுப்புப் புகை தள்ளுகிறது. எதை முதலில் முடிக்க?
- வாசகர், குன்னூர்

பதில்: முதலில் பிரேக், தம்பி! ஒரு வருஷம் பளபளப்பில் மயங்கி, பிரேக் ஆயில் குழாயில் சிக்கிய காற்றை வெளியே எடுக்க மறந்துவிட்டேன். பர்லியாறு மலைப்பாதை வளைவில் பிரேக் பிடிக்கவில்லை; கூட வந்த மச்சான் இன்னும் என் வண்டியில் ஏறுவதில்லை.

பெயின்ட் வெளுப்பது மூடுபனி ஈரத்தால். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து ஈரத்தை இழுக்கும். பனி விலகிய மதியத்தில், மெதுவாகக் காயும் தின்னர் கலந்து அடியுங்கள்.

புகைக்குக் காரணம் அநேகமாக உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், காற்று மெல்லியது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் கோவையில் செட் செய்தது என்றால் இங்கே பெட்ரோல் அதிகமாகும். அதில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைச் சிறியதாகப் போடுங்கள்.

அப்புறம், உருமாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டினால், வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்னும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். லாரியில் ஏற்றிவிடுங்கள். ஏற்றி இறக்கவும் பிரேக் வேண்டும்!