குழாய் முதலில், தார் பிறகு: நகராட்சி குறித்த வாசகர் கேள்விகள்

நகராட்சிப் பொறியியல் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் என்ற முறையில், இம்முறை வந்த கேள்விகளுள் சாலை, குடிநீர், எல்லை விரிவாக்கம் ஆகிய மூன்றையும் தொட்டவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். மன்றக் கூட்டத்தில் இவை தனித்தனித் தீர்மானங்களாக வந்தாலும், செலவாகும் பணமும் தோண்டப்படும் மண்ணும் ஒன்றே என்பதால் பதில்களும் ஒன்றையொன்று தொட்டே செல்லும்.

எங்கள் தெருவில் தார்ச்சாலை போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் குடிநீர்க் குழாய் பதிக்கிறோம் என்று நடுவே வெட்டிவிட்டார்கள். இதைத் தடுக்க வழியே இல்லையா?

வழி உண்டு, அது மதிப்பீடு தயாரிக்கும் மேசையிலேயே தொடங்க வேண்டும். சாலைக்கான நிதி ஒரு திட்டத்திலிருந்தும் குழாய்க்கான நிதி வேறொரு திட்டத்திலிருந்தும் வருகிறது. இரண்டுக்கும் செலவழித்து முடிக்க வேண்டிய நாள் வேறு வேறு. சாலை நிதி மார்ச் மாதத்துக்குள் தீர வேண்டும் என்ற நெருக்கடியில் தார் போடப்படுகிறது. குழாய்ப் பணிக்கு அனுமதி ஜூன் மாதம் வருகிறது. குடிநீர்த் திட்டத்தைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் நிறைவேற்றும் ஊர்களில், சாலை போடுபவரும் வெட்டுபவரும் ஒரே அலுவலகத்தில்கூட இருப்பதில்லை.

இதற்கு நான் கண்ட பயனுள்ள முறை ஒன்றுதான். சாலைப் பணிக்காக மன்றத்தின் ஒப்புதலுக்கு வைக்கும் குறிப்போடு (மன்றப்பொருள்), அந்தத் தெருவின் குடிநீர்க் குழாய் எந்த ஆண்டு பதிக்கப்பட்டது, எத்தனை வீட்டு இணைப்புகள் நிலுவையில் உள்ளன, பாதாளச் சாக்கடை வரவிருக்கிறதா என்ற மூன்று விவரங்களையும் இணைத்து வைக்குமாறு உறுப்பினர்கள் கேட்க வேண்டும். இந்த ஒரு பக்கம் இல்லாமல் எந்தச் சாலைக்கும் ஒப்புதல் தருவதில்லை என்று ஒரு மன்றம் உறுதியாக இருந்தால், ஓராண்டிலேயே ஊர் முழுவதும் வித்தியாசம் தெரியும். நான் பணிபுரிந்த ஓர் ஊரில் ஐம்பது வீடுகளுக்கான இணைப்புக் குழாய்களை முன்கூட்டியே தெருவின் இருபுறமும் கொண்டுவந்து மூடி போட்டு வைத்த பிறகே தார் போட்டோம். அடுத்த ஆண்டுகளில் இணைப்புக் கேட்டவர்களுக்காகத் தெருவைத் தொடவே நேரவில்லை.

வெட்டியே ஆக வேண்டிய நிலையில், வெட்டிய பள்ளத்தை மண்ணள்ளிப் போட்டு மூடிவிட்டுப் போவதுதான் பெரிய கேடு. பள்ளத்தைப் படிப்படியாக நிரப்பி, ஒவ்வொரு படியையும் நீர்விட்டுத் திமிசு என்னும் இடிகட்டையால் அடித்து இறுக்க வேண்டும். அப்படிச் செய்யாத பள்ளம் முதல் மழையிலேயே உள்வாங்கிவிடும்.

ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு உயர்ந்து எங்கள் வீடு பள்ளத்துக்குள் போய்விட்டது. மழைநீர் வாசலுக்குள் வருகிறது.

இந்தக் கேள்வியைப் படித்தபோது பழைய தெரு ஒன்று நினைவுக்கு வந்தது. குழாய் உடைப்பைச் சரிசெய்யத் தோண்டிய குழியில் இறங்கி நின்று பக்கச்சுவரைப் பார்த்தேன். கறுப்பாக ஒரு தார்ப்படலம், அதன் கீழே ஜல்லி, மறுபடியும் தார், மறுபடியும் ஜல்லி என நான்கு அடுக்குகள். அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஓர் அடிக்கு மேல் இருந்தது. எதிர்வீட்டுத் திண்ணை அந்த அளவுக்குத் தாழ்ந்து கிடந்தது. அந்த வீட்டு அம்மா வாசலில் செங்கல்லும் சிமெண்டும் வைத்து மழைத்தண்ணீருக்கு அணை கட்டியிருந்தார்.

பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில் புதிய சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். இதைத்தான் மில்லிங் என்கிறோம். ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் இது தனி இனமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பணி தொடங்கும் முன்பே எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவியுங்கள். பணி தொடங்கும் நாளில், உங்கள் வாசற்படியிலிருந்து சாலை எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது என்பதை அளந்து படம் எடுத்து வையுங்கள். பிறகு பேசுவதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சூடான தார்க்கலவை ஆறிப்போனால் எத்தனை முறை உருளை ஓடினாலும் இறுகாது. உருளை ஓடும்போது கலவையின் வெப்பம் 90 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. தொலைவிலிருந்து வரும் லாரி தார்ப்பாய் மூடாமல் வந்தாலே சந்தேகப்படலாம். தாருக்கு முதல் எதிரி தேங்கும் நீர். வடிகால் சரியில்லாத தெருவில் எத்தனை தரமான சாலை போட்டாலும் அது இரண்டு மழைக்காலங்களைத் தாண்டாது.

பக்கத்துத் தெருவில் குடம் நிரம்பி வழிகிறது. எங்கள் தெருவில் நூல்போல வருகிறது. ஒரே தொட்டிதானே?

தொட்டி ஒன்றுதான், ஆனால் உங்கள் தெரு அந்தக் குழாயின் கடைக்கோடியில் இருக்கிறது. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்து இறங்கும் நீரின் அழுத்தம் வழிநெடுகக் குறைந்துகொண்டே வரும். நடுவே நாலு வீடுகளில் குழாயோடு நேரடியாக மோட்டாரை இணைத்து உறிஞ்சினால் கடைசி வீட்டுக்குக் காற்றுதான் மிஞ்சும். மோட்டார் உறிஞ்சுவது முறைகேடு மட்டுமன்று, ஆபத்தும் ஆகும். குழாயில் அழுத்தம் வெறுமையாகும்போது, விரிசல் உள்ள இடத்தில் பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். தண்ணீர் திறந்த முதல் ஐந்து நிமிடம் கலங்கலாக வருகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுவே.

கிருமியைக் கொல்ல நீரில் கலக்கும் குளோரின், குழாய் முனைக்கு வரும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும். துப்புரவு ஆய்வாளரிடம் அதைச் சோதிக்கும் சிறு கருவி இருக்கும். உங்கள் கடைக்கோடி வீட்டில் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள், தொட்டியடியில் எடுத்த அளவைக் காட்டினால் ஏற்காதீர்கள். வால்வு திறக்கும் பணியாளரிடம் பரிவோடு பேசுங்கள். விடியற்காலை நான்கு மணிக்குத் தெருத் தெருவாகச் சாவிக்கம்பியைத் தூக்கிக்கொண்டு போகிற அவருக்குத் தெரிந்த அளவுக்கு ஊரின் குழாய்கள் எந்த வரைபடத்துக்கும் தெரியாது.

சொத்து வரியை ஏற்றினார்கள், ஒழுங்காகக் கட்டுகிறேன். தெரு அப்படியேதான் இருக்கிறது. பணம் எங்கே போகிறது?

நியாயமான கோபம். 2022 ஏப்ரலில் சென்னை நீங்கலாக மற்ற நகரங்களில் 600 சதுர அடி வரையிலான குடியிருப்புகளுக்கு 25 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 சதவீதமும் வரி உயர்ந்தது. குறைந்தபட்ச வரி வீதத்தை அறிவித்தால்தான் மத்திய நிதிக்குழு மானியம் கிடைக்கும் என்ற நிபந்தனை அதற்கு ஒரு காரணம். வசூலாகும் வரியில் பெரும்பகுதி சம்பளம், ஓய்வூதியம், குப்பை அகற்றும் ஒப்பந்தம், தெருவிளக்கு, நீரேற்று மோட்டார்களின் மின்கட்டணம், கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குச் செலுத்தும் தொகை ஆகியவற்றுக்கே போய்விடும். நிதிக்குழு மானியத்திலும் 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 60 சதவீதம் குடிநீர், சுகாதாரம் ஆகிய பணிகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட தொகை. அதை எடுத்துத் தார் போட முடியாது. அதனால் சாலை என்பது மாநில அரசின் தனித் திட்டம் வரும்போது போடுவதும் பிறகு மறந்துவிடுவதுமாக இருக்கிறது. என் கருத்தில் இதுவே அடிப்படைப் பிழை. ஆண்டுதோறும் சிறு தொகையைப் பராமரிப்புக்கென்றே ஒதுக்கி, குழி சிறிதாக இருக்கும்போதே சதுரமாக வெட்டிச் சுத்தம் செய்து அடைத்தால், முழுச் சாலையையும் மீண்டும் போடும் செலவு பல ஆண்டுகள் தள்ளிப்போகும். வரவுசெலவுத் திட்டத்தில் புதிய பணிகளுக்கு எவ்வளவு, பராமரிப்புக்கு எவ்வளவு என்று உங்கள் உறுப்பினரைக் கேளுங்கள்.

எங்கள் ஊராட்சியை நகராட்சியோடு இணைக்கப் போகிறார்கள். எங்களுக்கு நன்மையா, தீமையா?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி இப்போது நூற்றுக்கணக்கான ஊர்களில் கேட்கப்படுகிறது. 2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. திருத்தங்கல் சிவகாசியோடு சேர்ந்தது. அதற்கு முன், 2011இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. கோயம்புத்தூரும் அதே ஆண்டில் இரு மடங்குக்கு மேல் பெருகியது. பத்தாண்டு கடந்த பின்னும் சென்னையின் இணைப்புப் பகுதிகள் பலவற்றில் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் முழுமையாகப் போய்ச் சேரவில்லை. எல்லைக்கோட்டை ஓர் அரசாணையால் நகர்த்திவிடலாம், குழாயை அப்படி நகர்த்த முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். அறுபதாயிரம் பேர் வாழும் நகருக்கு நாளொன்றுக்கு 60 லட்சம் லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 100 லிட்டர். இருபதாயிரம் பேரைச் சேர்த்துக்கொண்டு நீராதாரத்தைக் கூட்டாமல் விட்டால் அது 75 லிட்டராகும். பாதாளச் சாக்கடை உள்ள நகருக்கு 135 லிட்டர் வேண்டும் என்பது தேசிய நெறிமுறை. புதிதாகச் சேர்ந்தவருக்கும் போதாது, பழையவருக்கும் குறைந்துவிடும். பிறகு இரு தரப்பும் ஒருவரையொருவர் குறைசொல்லும். ஆகவே இணைப்புக்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கூடுதல் நீர் எங்கிருந்து, எந்தத் திட்டத்தில், எப்போது வரும்?

இழப்புகளையும் மறைக்கக் கூடாது. 100 நாள் வேலை என்று மக்கள் அழைக்கும் ஊரக வேலைத்திட்டம் நகர எல்லைக்குள் கிடையாது. இணைப்பை எதிர்த்து மறியல் செய்யும் பெண்களில் பலர் இதற்காகவே வீதிக்கு வருகிறார்கள், அதைப் புரியாமை என்று ஒதுக்குவது தவறு. வீட்டு வரி நகர வீதத்துக்கு மாறும். கிராம சபை இருக்காது. மறுபுறம், ஊராட்சிக்கு வாய்க்காத பொறியாளர், நகரமைப்பு அலுவலர், குப்பை வண்டி, பெரிய திட்டங்களுக்குத் தகுதி ஆகியவை கிடைக்கும். ஏற்கெனவே வீட்டுமனைகளாகிவிட்ட, நகரோடு ஒட்டிய ஊர்களுக்கு இணைப்பு நல்லது என்பேன். நெல் விளையும் ஊர்களை வரைபடத்தின் அழகுக்காக இழுத்துப் போடுவதை நான் ஏற்கவில்லை. அரசின் உத்தேச அறிவிக்கை வந்ததும் அதில் குறித்த நாளுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள்; உங்கள் ஏரி, குளம், மேய்ச்சல் புறம்போக்குகளின் பட்டியலையும் அதோடு இணையுங்கள். இணைப்புக்குப் பின் அவற்றின் பொறுப்பு கைமாறும்போது பட்டியலில் இல்லாத குட்டைகள்தான் முதலில் காணாமல் போகும்.

பேருந்து நிலையத்துக்குப் போகும் சாலையின் குழிகளைப் பற்றிப் புகார் கொடுத்தால் "எங்களுடையது அல்ல" என்கிறார்கள்.

உண்மையாக இருக்கலாம். ஊருக்குள் ஓடினாலும் மாநில நெடுஞ்சாலையும் மாவட்டச் சாலைகளும் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. ஆனால் யாருடையது என்று எழுத்தில் சொல்லி, புகாரை உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவைப்பது நகராட்சியின் கடமை. வாய்ப்பதிலை ஏற்காதீர்கள்.

இவற்றையெல்லாம் யாரிடம், எங்கே கேட்பது?

பகுதி சபையில் கேளுங்கள். கிராம சபைக்கு இணையாக நகரங்களில் 2022 நவம்பர் 1ஆம் நாள் இது முதன்முறையாகக் கூட்டப்பட்டது. பல வார்டுகளில் பத்துப் பேர்கூட வருவதில்லை. வருகிறவர்களும் பொதுவாகக் குறைசொல்லிவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். தெருவின் பெயர், கடைசியாகத் தார் போட்ட ஆண்டு, தண்ணீர் திறக்கும் நேரம், கடைக்கோடி வீட்டில் ஒரு குடம் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள்.