நாணல் நைட்ரஜனைக் குடித்துவிடுமா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நாணல், சம்பு போன்ற நீர்ச்செடிகளை வளர்த்து அவற்றின் வழியாகக் கழிவுநீரைச் செலுத்தினால் அதிலுள்ள நைட்ரஜன் மாசு நீங்கிவிடும் என்று படித்தேன். செடி அவ்வளவையும் உறிஞ்சிக்கொள்கிறதா?

பதில்: உறிஞ்சிக்கொள்கிறது, ஆனால் நீங்கும் நைட்ரஜனில் செடியின் உடலுக்குள் போய்ச் சேர்வது பெரும்பாலும் சிறு பங்கே. கழிவுநீரின் செறிவு கூடக்கூட அந்தப் பங்கு இன்னும் குறுகும். மீதி வேலையைச் செய்பவை வேரடியிலும் சேற்றிலும் வாழும் பாக்டீரியாக்கள்.

வீட்டுக் கழிவுநீரில் நைட்ரஜன் யூரியாவாகவும் புரதமாகவும் வந்து, சிதைந்து, அமோனியமாகிறது (அமோனியாவின் நீரில் கரைந்த வடிவம்). ஆக்சிஜன் உள்ள இடத்தில் நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அமோனியத்தை நைட்ரைட்டாக்க, நைட்ரோஸ்பைரா, நைட்ரோபாக்டர் போன்றவை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகின்றன. இதுவரையில் நீரிலுள்ள நைட்ரஜன் வடிவம் மாறியிருக்கிறதே தவிர, ஒரு துளியும் வெளியேறவில்லை. வெளியேற்றம் அடுத்த கட்டத்தில்தான் நிகழ்கிறது: ஆக்சிஜன் எட்டாத சேற்றில் வாழும் வேறு பாக்டீரியாக்கள், சுவாசிப்பதற்கு ஆக்சிஜன் கிடைக்காத நிலையில் அதற்கு ஈடாக நைட்ரேட்டைப் பயன்படுத்திக்கொண்டு, அதை நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடுகின்றன. காற்றில் ஏற்கெனவே 78 விழுக்காடு அந்த வாயுதான் என்பதால் அது மேலே போய்க் கலப்பதில் தீங்கில்லை.

அப்படியானால் செடி எதற்கு என்று கேட்கத் தோன்றும். நாணலின் தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் காற்றறைகள் நிறைந்த திசு உண்டு. இலைப்பகுதியிலிருந்து அதன் வழியே இறங்கும் காற்றில் ஒரு பகுதி வேர்நுனியில் கசிகிறது. அதனால் ஆக்சிஜனற்ற சேற்றுக்கு நடுவில், ஒவ்வொரு வேரையும் சுற்றி, ஆக்சிஜன் உள்ள ஒரு மெல்லிய உறை உருவாகிறது. ஆக்சிஜன் வேண்டும் பாக்டீரியாக்களும் அது வேண்டாத பாக்டீரியாக்களும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் அருகருகே குடியிருக்க முடிவது இதனால்தான். வேர்களின் பரப்பு பாக்டீரியாக்கள் ஒட்டி வாழ இடமாகிறது. உதிரும் இலையும் வேர்க்கசிவும் அவற்றுக்கு உணவாக வேண்டிய கரிமத்தை (கார்பனை) தருகின்றன. செடியை வீட்டுக்காரர் என்றும் பாக்டீரியாவைக் குடித்தனக்காரர் என்றும் சொல்லலாம், உழைப்பவர் குடித்தனக்காரர்தான்.

கேள்வி: சரளைக்கல் படுகையில் நாணல் நட்டு, கழிவுநீரை ஒரு முனையில் விட்டு மறுமுனையில் எடுக்கிறோம். செடிகள் ஆளுயரம் வளர்ந்துவிட்டன. ஆனால் பரிசோதனை அறிக்கையில் நைட்ரேட் ஏறக்குறைய இல்லை. அமோனியா மட்டும் குறையவேயில்லை. செடியில் குறையா?

பதில்: செடியில் குறையில்லை, ஆக்சிஜனில் குறை. எப்போதும் நீர் நிறைந்து, கிடைமட்டமாக ஓடும் படுகையின் உட்பகுதி ஏறக்குறைய முழுவதும் ஆக்சிஜனற்றே கிடக்கும். அங்கு வரும் நைட்ரேட் விரைவில் வாயுவாகிவிடும். அமோனியமோ நைட்ரேட்டாக மாற வழியில்லாமல் வந்தபடியே வெளியேறும். 1 கிராம் அமோனிய நைட்ரஜனை நைட்ரேட்டாக்க ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. வேர் கசியவிடும் ஆக்சிஜன் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

இந்தத் துறையே ஒரு காலத்தில் இடறிய இடம் இது. 1950களில் ஜெர்மனியில், பிளோன் நகரின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில், நீர்ச்செடிகளைக் கொண்டு கழிவுநீரைத் தூய்மையாக்கும் சோதனைகளைக் கேத்தே சைடல் தொடங்கினார். பின்னர் ரைன்ஹோல்ட் கிக்குத் மண்படுகையில் நாணல் வளர்க்கும் வேர்மண்டல முறையை முன்வைத்தபோது, தேவையான ஆக்சிஜனை வேர்களே கொண்டுவந்து சேர்க்கும் என்று கருதினார். பிறகு அளந்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு ஆக்சிஜன் தென்படவில்லை.

ஆகவே, உங்கள் படுகைக்கு முன்னால் செங்குத்துப் படுகை ஒன்றை, அதாவது நீர் மேலிருந்து கீழே வடியும் படுகையை, அமையுங்கள். அதன் மேற்பரப்பில் கழிவுநீரை இடைவெளி விட்டு ஊற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் நீர் வடியும்போது மேலிருந்து காற்று சரளைக்குள் இறங்கும். அமோனியம் அங்கே நைட்ரேட்டாகி, இப்போதுள்ள படுகையில் வாயுவாகிவிடும். செங்குத்துப் படுகையிலிருந்து வெளிவரும் நீரில் நைட்ரேட் ஏறியிருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது வேலை நடப்பதற்கு அடையாளம். ஒரே வகைப் படுகையை மட்டும் நம்பினால் மொத்த நைட்ரஜனில் பாதியளவு நீங்குவதே வழக்கம். வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அமோனியம் மாறும் வேகமும் வெகுவாகத் தளரும் என்பதால், குளிர்காலத்து அறிக்கையையும் கோடைக்காலத்து அறிக்கையையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

கேள்வி: செடிகளை எப்போது வெட்ட வேண்டும்? வெட்டாமலே விட்டால் என்ன?

பதில்: செடிக்குள் சேர்ந்த நைட்ரஜனையும் வெளியேற்ற விரும்பினால், தண்டு பச்சையாக இருக்கும்போதே வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். நாணல் காய்வதற்கு முன் தன் தண்டிலும் இலையிலும் உள்ள சத்தில் பெரும்பகுதியை மண்ணுக்கடியிலுள்ள கிழங்குத் தண்டுக்கு இறக்கிக்கொள்ளும். பழுப்பேறியபின் வெட்டுகிறவர் கையில் கிடைப்பது பெரும்பாலும் வெறும் சக்கை. வெட்டாமலே விட்டால் அழுகும் இலையிலிருந்து நைட்ரஜனின் ஒரு பகுதி நீருக்கே திரும்பும். ஆனால் அழுகுவதால் கிடைக்கும் கரிமம் பாக்டீரியாக்களுக்கு உதவுவதால், முற்றிலும் நட்டம் என்றும் சொல்ல முடியாது. ஆகாயத்தாமரைக்கு இந்தச் சலுகை கிடையாது. வாய்ப்பான சூழலில் இரண்டு வாரத்திலேயே இருமடங்காகக்கூடிய அச்செடியை இடைவிடாமல் அள்ளாவிட்டால், நீர்ப்பரப்பை மூடி, கீழே ஆக்சிஜனை இல்லாமலாக்கிவிடும்.

கேள்வி: வயல்களிலிருந்து வடியும் நீருக்கும் இதே அமைப்பு போதுமா?

பதில்: அந்த நீரில் நைட்ரஜன் பெரும்பாலும் நைட்ரேட்டாகவே இருப்பதால் செங்குத்துப் படுகை தேவையில்லை, குறைவது கரிமம்தான். எனவே மரச் சில்லுகள் நிரப்பிய, நீர் தேங்கி நிற்கும் குழியின் வழியாக அதைச் செலுத்துகிறார்கள். நீர் அதில் போதிய நேரம் தங்க வேண்டும். அவசரமாக ஓடிவிட்டால் நைட்ரேட் அப்படியே தப்பிவிடுவதோடு, மாற்றம் பாதியில் நின்று நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறவும் கூடும். அது புவியை வெப்பமாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறக்குறைய 270 மடங்கு வலிமை கொண்டது.

கேள்வி: இவ்வாறு தெளிந்த நீரைக் குடிக்கலாமா?

பதில்: கூடாது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தாண்டினால், குறிப்பாகப் புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையக்கூடும். உங்கள் நீர் அந்த வரையறைக்குள் வந்துவிட்டாலும், நோய்க்கிருமிகள் இல்லை என்பதற்கு நாணல் உறுதி தராது.