640 படங்களுக்கு ஒரே வரியில் பெயர்

கேள்வி: வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் எடுத்த 640 படங்களும் 'டிஎஸ்சி_0001' என்ற மாதிரியே கிடக்கின்றன. உபுண்டு லினக்ஸ் கணினியில் ஒரேயடியாகப் பெயர் மாற்றலாமா அண்ணா?
– வாசகி, முள்ளியவளை

பதில்: மாற்றலாம் தங்கச்சி. முதலில் எல்லாவற்றையும் பென்டிரைவில் ஒரு பிரதி எடுங்கள். பெயர் மாற்ற வழக்கமாகத் தட்டும் 'எம்வி' கட்டளை, அதே பெயரில் வேறு படம் இருந்தால் கேட்காமலே அதை அழித்து எழுதிவிடும். அம்மம்மா முற்றத்தில் நெல் புடைக்கும் படத்தை அப்படித்தான் இழந்தேன். இன்னும் மனம் ஆறவில்லை.

அதனால் பல பெயர்களை ஒன்றாக மாற்றும் 'ரீநேம்' (rename) கருவியை நிறுவுங்கள். அப்புறம் படங்கள் இருக்கும் கோப்புறையில் டெர்மினலை, அதாவது கட்டளை தட்டும் சாளரத்தைத் திறந்து இப்படித் தட்டுங்கள்: ரீநேம், இடைவெளி, மைனஸ் என் (-n), இடைவெளி. ஒற்றை மேற்கோளுக்குள் சின்ன எஸ் (s), சாய்கோடு (/), ஆங்கிலப் பெரிய எழுத்தில் டிஎஸ்சி (DSC), சாய்கோடு, பொங்கல், சாய்கோடு. மேற்கோளுக்கு வெளியே இடைவெளி, நட்சத்திரக்குறி (*). மைனஸ் என் இருக்கும்வரை எதுவும் மாறாது, பழைய பெயரும் புதிய பெயரும் வரிசையாகத் தெரியும். சரி என்றால் மைனஸ் என்னை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஓடவிடுங்கள்.