பழைய வண்டி, திரும்பாத சாவி: கேள்வி பதில்

இராமேஸ்வரம் தீவில் இருந்து ஏர்வாடி வரை, பழைய வண்டிகளின் இக்னிஷன் சுவிட்ச் (சாவி போட்டு வண்டியைக் கிளப்பும் சுவிட்ச்) பற்றி வந்த கேள்விகளில் சில.

தங்கச்சிமடம்: அண்ணே, பழைய மாருதி 800. காலையில் சாவி உள்ளே போகிறது, ஆனால் திரும்பவில்லை. பிளையர் வைத்துத் திருப்பலாமா?

பிளையரைக் கீழே வையுங்கள் தம்பி. சக்கரம் கல்லிலோ மணலிலோ முட்டி நின்றால், சாவியை எடுத்ததும் ஸ்டியரிங்கைப் பூட்டும் ஸ்டியரிங் லாக் இறுகிக்கொள்ளும், சாவியும் திரும்பாது. ஸ்டியரிங்கை அசைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் துளியும் நகராது. அதற்கு எதிர்ப்பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டே சாவியை மெல்லத் திருப்புங்கள். முக்கால்வாசி வண்டி இதிலேயே வழிக்கு வந்துவிடும்.

மண்டபம்: மீன் ஏற்றும் டிவிஎஸ் எக்ஸெல். சாவித் துளையில் தேங்காய் எண்ணெய் விட்டேன். முதலில் நன்றாக இருந்தது, இப்போது முன்பைவிட மோசம்.

மோசமாகத்தான் ஆகும். லாக்குக்குள் மெல்லிய பித்தளை வில்லைகள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் மயிரிழை போல ஒரு ஸ்பிரிங். சாவியின் பல்லுக்கு ஏற்ப அவை நகர்ந்தால்தான் லாக் திரும்பும். நம் உப்புக் காற்றில் பித்தளை பச்சைக் களிம்பு ஏறும். எண்ணெய் விட்டால், கச்சான் காற்று கொண்டுவரும் பொடிமணல் அதில் ஒட்டிச் சேறாகிவிடும். போதாததற்கு, ஐஸ் தண்ணீர் சொட்டும் கையோடு சாவியைப் போடுகிறீர்கள்!

பேட்டரி இருந்தால் கழற்றிவிட்டு, காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயைத் துளைக்குள் அடியுங்கள். சாவியை உள்ளே விட்டு எடுத்து, வெள்ளைத் துணியில் துடையுங்கள். கருப்பும் பச்சையுமாக வரும். துணி சுத்தமாக வரும்வரை இதையே செய்யுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு கிராஃபைட் பொடி. கிடைக்காவிட்டால், பென்சில் முனையைச் சாவியின் பற்களில் அழுத்தித் தேய்த்து உள்ளே விட்டு எடுங்கள், போதும்.

கீழக்கரை: ஸ்ப்ளெண்டர் சாவி ஆட்டி ஆட்டித்தான் திரும்புகிறது. டூப்ளிகேட் போட்டேன், அது சுத்தமாக வேலை செய்யவில்லை.

தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் அந்தத் தேய்மானமும் சேர்ந்தேதான் வரும் பாய். வண்டி வாங்கியபோது வந்த இரண்டாவது சாவி பீரோவில் கிடக்கும், தேடுங்கள். அது சுலபமாகத் திரும்பினால் லாக்கில் குறையில்லை. அதை வைத்துப் புதுச் சாவி வெட்டிக்கொள்ளுங்கள்.

தேவிபட்டினம்: பழைய ஜீப். ஸ்டார்ட் ஆன பிறகும் செல்ஃப் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். இன்ஜினைக் கிளப்பச் சில நொடி சுற்றுவதற்காகச் செய்த மோட்டார் அது. விட்டால் ஒயர் கருகும். சாவியைக் கையால் பின்னுக்குத் திருப்புங்கள். நின்றுவிட்டால், சாவி தானாகத் திரும்ப உதவும் ஸ்பிரிங்கோ லாக்கோ மக்கர். சாவி ஆஃபுக்கு வந்த பின்னும் சுற்றினால் உடனே பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றுங்கள். அப்போது சுவிட்சின் உள்காண்டாக்ட், மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும் ரிலே, சோலனாய்டு மூன்றையும் சோதிக்க வேண்டும். பல வண்டிகளில் சாவி போடும் லாக் வேறு, பின்னால் இருக்கும் மின்சுவிட்ச் வேறு. முழு செட்டும் மாற்றச் சொன்னால், சுவிட்ச் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

பாம்பன்: சாவி உள்ளேயே முறிந்துவிட்டது. ஃபெவிக்விக் வைத்து இழுக்கலாமா?

கூடவே கூடாது. பசை வில்லைகளில் ஒட்டினால் லாக்கே போச்சு. லாக் ஆஃப் நிலையில் இருந்தால், மெல்லிய ரம்ப பிளேடைப் பல்லோரமாக விட்டு வெளியே இழுங்கள். பாதி திரும்பிய நிலையில் முறிந்திருந்தால் பூட்டுக்காரரைக் கூப்பிடுங்கள்.

ஏர்வாடி: அம்பாசடர். "சாவியே வேண்டாம், ஒயரை நேரே இணைத்து பட்டன் வைத்துத் தருகிறேன்" என்கிறார் எலக்ட்ரீஷியன்.

ஸ்டியரிங் லாக் உள்ள வண்டியா என்று முதலில் பாருங்கள். லாக் உயிரோடு இருக்க, ஒயரை மட்டும் இணைத்து ஓட்டினால், போகிற போக்கில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம். பாம்பன் பாலத்தின் மேல் அது நடந்தால் என்ன ஆகும்? அதோடு, பட்டனை யார் அழுத்தினாலும் வண்டி கிளம்பும். புது சுவிட்சே போடச் சொல்லுங்கள்.